தொழுவத்து வைரஸ்கள் – 9: பெரணி மேய்ந்த மாடுகள்

கன்றுகளின் முகத்திலும் கழுத்திலும் மரு முளைப்பதையும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் அது தானாகவே உதிர்ந்துவிடுவதையும் போன வாரம் பார்த்தோம். ஆனால் அந்த மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் தோலோடு நிற்பதில்லை. மாடுகளைத் தாக்கும் அதன் நான்காம் வகை வாய்க்குள்ளும் உணவுக்குழாயிலும் முன்வயிற்றிலும் மருவை உண்டாக்கும். அங்கே ஒன்றிரண்டு இருந்தால் மாட்டுக்குத் தொந்தரவில்லை, வளர்ப்பவருக்கும் தெரியாது.

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டிலோ இந்த மரு புற்றாக மாறிக்கொண்டிருந்தது. விழுங்க முடியாமல், எச்சில் ஒழுக, வயிறு உப்பி, எலும்பும் தோலுமாக வயதான மாடுகள் மடிந்தன. கிளாஸ்கோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த வில்லியம் ஜாரெட்டும் அவர் குழுவினரும் அந்த மாடுகளை அறுத்துப் பார்த்தார்கள். புற்று இருந்த மாடுகளின் உணவுப்பாதையில் ஏராளமான மருக்கள். மேய்ச்சல் நிலமெங்கும் பிராக்கன் என்னும் பெரணி. இரண்டுக்கும் தொடர்பிருக்கலாம் என்று 1978இல் எழுதினார்கள்.

பின்னாளில் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். வைரஸை மட்டும் பெற்ற மாடுகளுக்கு மரு வந்தது, போனது. கூடவே பெரணியும் தின்ற மாடுகளுக்கு மரு போகவில்லை, பெருகிப் பரவியது. சிலவற்றில் புற்றாயிற்று. பெரணி இரண்டு விதமாகக் கெடுக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தி வைரஸுக்கு இடம் கொடுக்கிறது; அதிலுள்ள டாக்விலோசைடு என்னும் நச்சு செல்லின் டிஎன்ஏவையே சிதைக்கிறது.

இந்த ஆய்வில் என்னை மிகவும் உலுக்கியது 1985இல் சவேரியா கேம்போவும் ஜாரெட்டும் சக ஆய்வாளர்களும் சொன்ன முடிவுதான். மருவில் வைரஸின் டிஎன்ஏ ஏராளமாக இருந்தது. முற்றிய புற்றில் அதைக் காணவில்லை. புற்றைத் தொடங்கிவைக்க வைரஸ் வேண்டும், புற்று தொடர்ந்து வளர அது வேண்டியதில்லை. புற்றுக்கட்டியை மட்டும் ஆராய்ந்திருந்தால் வைரஸின் மேல் சந்தேகமே எழுந்திருக்காது. அருகிலிருந்த மருக்களையும், மாடு மேய்ந்த நிலத்தையும் சேர்த்துப் பார்த்ததால்தான் உண்மை பிடிபட்டது. எந்த நோயையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

பெரணி தின்ற மாட்டின் சிறுநீர்ப்பையிலும் புற்று வரும்; ஆனால் அங்கே நடப்பது வேறு. பாப்பிலோமாவின் இரண்டாம் வகை வைரஸின் டிஎன்ஏ புற்றுக்குள்ளேயே கிடைக்கிறது. மாடு இரத்தம் கலந்து சிறுநீர் கழிக்கும். நாளடைவில் சோகை பிடித்துச் சாகும். இமயமலை அடுக்குகளிலும் நம் நீலகிரியிலும் இந்த நோய் உண்டு; இங்கும் பெரணி வளர்கிறது. இத்தனைக்கும் மாடு விரும்பித் தின்னும் தழை அல்ல அது. புல் காய்ந்துபோன காலத்தில் வேறு வழியின்றித்தான் வாய் வைக்கிறது. சுருள் விரியாத இளந்தளிரில்தான் நச்சு மிகுதி, அந்த நச்சு பாலிலும் இறங்கும். ஆகவே மலையில் மாடு வைத்திருப்பவர்கள், பெரணி துளிர்க்கும் மாதங்களில் மாட்டுக்கு வேறு பசுந்தீவனமோ வைக்கோலோ கிடைக்கும்படி முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். சிறுநீர் சிவந்தால், காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.