நான் தொடைநடுங்கி ஆன கதை

அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, நான் மாடிப்படிக் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி இறங்கியதைப் பார்த்து எத்தனை பேர் சிரித்தீர்கள்! "ஏறும்போது நல்லாத்தானே ஏறுன, இறங்க மட்டும் என்னடா?" என்று ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்குப் பதில்தான் இது.

லீவில் பி.இ.டி. சாரோடு பன்னிரண்டு பேர் மலை நடைக்குப் போனோம். வனத்துறை அனுமதியோடு கொடைக்கானல் வட்டக்கானலில் தொடங்கி, வெள்ளகெவி வழியாகப் பெரியகுளத்துப் பக்கம் கும்பக்கரை வரை ஒரே நாள் நடை. மொத்தம் சுமார் 1,600 மீட்டர் இறக்கம். "இறக்கம்தானே, உருண்டாக்கூட போயிரலாம்" என்று பீற்றிக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் குட்டிக் குட்டி அடியாக வைத்து வந்தான். அவனைத் 'தொடைநடுங்கி' என்று கேலி செய்ததும் நான்தான்.

காலையில் பல் கிட்டும் குளிர். தாகமே இல்லை. என் எடை 46 கிலோ, முதுகுப் பை 9 கிலோ. (பள்ளிப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. நம்ம பையை யாராவது நிறுத்துப் பாருங்களேன்!) பாரம் குறையட்டும் என்று இரண்டு பாட்டில் தண்ணீரில் ஒன்றை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டேன். குளிரில் தாகம் தெரியாதே தவிர, நடக்கிற உடம்பு நீரை இழந்துகொண்டுதான் இருக்கும். தவிர, 1,000 மீட்டர் இறங்கினால் சுமார் 6 டிகிரி வெப்பம் கூடும். இறங்க இறங்க ஸ்வெட்டர் பைக்குள் போனது, சட்டை நனைந்தது, மிச்ச பாட்டிலும் காலி.

வெள்ளகெவி செருப்புப் போடாத ஊர். நாங்களும் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டோம். ஊரைத் தாண்டியதும் ஒரு பாட்டி தலைச்சுமையோடு வெறுங்காலில் எதிரே ஏறி வந்தார். என் நடையைப் பார்த்து, "தொப்பு தொப்புனு குதிக்காத தம்பி, காலை மடக்கி மெதுவா வையி" என்றார். கேட்டேனா? அரை மணி நேரத்தில் தொடை கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. வெளியே சொல்ல வெட்கம். ஒரு வளைவில் முழங்கால் தானாக மடங்க, பையோடு விழுந்தேன். பள்ளம் இரண்டடி தள்ளித்தான் இருந்தது.

ஏன் இப்படி? ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆகவே நாமே நின்றுவிடுவோம். இறங்கும்போது அதே தசை பிரேக் வேலை பார்க்கிறது. சுருங்க முயன்றுகொண்டே, உடம்பு எடையும் பை எடையும் இழுக்க நீள்கிறது. இதற்குச் சக்தி குறைவாகவே செலவாகும், மூச்சும் வாங்காது. அதனால் 'நல்லாத்தான் இருக்கோம்'னு நம்பிவிடுகிறோம். ஆனால் உள்ளே தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்பட்டுக்கொண்டே இருக்கும். லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் மறுநாள் வலி என்று நானும் நினைத்திருந்தேன். அது தவறாம். அந்த அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்று உயிரியல் மிஸ் விளக்கினார். வலிக்குக் காரணம் அந்தச் சேதமும், அதைச் சரிசெய்ய உடம்பு செய்யும் வேலையும்தான். அதனால்தான் வலி உடனே வராமல் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. நண்டு நடையும் அதனால்தான்.

சார் உப்பு சர்க்கரைக் கரைசல் கலந்து கொடுத்தார். (ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.) அதற்குத் தண்ணீர் கொடுத்தது யார் தெரியுமா? நான் கேலி செய்த அதே தம்பி. என் பையையும் வாங்கி முன்பக்கம் மாட்டிக்கொண்டு, கும்பக்கரை வரை அதே குட்டி அடியில் இறங்கினான். பாட்டில் தண்ணீரைக் கொட்டியதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

ஒரு தடவை இப்படி அடிபட்ட தசை, சில வாரங்களுக்குள் மறுபடி இறங்கினால் அவ்வளவு சேதமாகாதாம். பாட்டியின் கால் ரகசியம் இதுதான் போல. பொங்கல் லீவில் மறுபடி போகலாமா என்று சாரிடம் கேட்டிருக்கிறேன். இந்த முறை மூன்று பாட்டில் கொண்டுபோவேன். ஒன்று தம்பிக்குத் தர வேண்டிய கடன்.

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்