உடம்பு மறக்காத ஜூன்

மெத்தனாலை உடம்பிலிருந்து வெளியேற்ற மருத்துவத்துக்கு வழி தெரியும். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்தவர்களை ஆட்டோவிலும் ஆம்புலன்ஸிலும் தூக்கிக்கொண்டு ஓடியபோது, டாக்டர்கள் அதைத்தான் செய்ய முயன்றார்கள். மெத்தனால் குடித்த உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அதற்குப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி குடித்தவர் மறுநாள் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று துடிப்பது அதனால்தான். அந்த அமிலம் கண் நரம்பைச் சிதைக்கும். டயாலிசிஸ் செய்து ரத்தத்தைச் சுத்தம் செய்தால், நேரத்தோடு வந்தவர்கள் பிழைக்க வாய்ப்பு உண்டு. 60-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தச் சாராயத்தில் ஒரு சொட்டும் குடிக்காதவர்களின் உடம்பைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும். கணவனை, அப்பாவை, சில வீடுகளில் அப்பா அம்மா இருவரையும் பறிகொடுத்தவர்கள். அவர்கள் உடம்பிலும் ஏதோ தங்கிவிட்டது. ஆனால் அதை டயாலிசிஸ் செய்து எடுக்க முடியாது.

“அதிர்ச்சி உடம்பில் தங்கும்” என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. பெசல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவர் 2014-இல் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. துக்கம் தோளில் கட்டியிருக்கிறது, இடுப்பில் உறைந்திருக்கிறது, நீவிவிட்டால் கரைந்துவிடும் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். உடம்பு மாறிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் தசைக்குள் துக்கம் என்று ஒரு பொருள் கிடையாது. உடம்பு ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பாடத்தை விடாமல் ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் எது உதவும், எது உதவாது என்பது புரியும்.

108 வண்டியின் சைரனையே எடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு நாளும் கருணாபுரத்துத் தெருக்களில் அது ஓயவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே கணவனின் தலையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு மறுபடி எங்கேயாவது சைரன் கேட்டால் என்ன நடக்கும்? மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா, அது என்ன சத்தம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் வேலையைத் தொடங்கிவிடும். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு போகும். இதயம் அடித்துக்கொள்ளும், மூச்சு மேலேறும், வயிறு செரிப்பதை நிறுத்தும், கழுத்தும் தாடையும் இறுகும். பிறகு கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். அங்கே ஓடிவருவது பிரசவத்துக்குப் போகும் வண்டியாக இருக்கலாம். அது அமிக்டலாவுக்குத் தெரியாது.

ஒரு நினைவுக்கு இடமும் தேதியும் போட்டு வைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. பெரும் பயத்தில் அதன் வேலை தடுமாறுகிறது. அதே நேரத்தில் அட்ரினலின் ஹார்மோன் அந்த நினைவை ஆழமாகப் பதிக்கிறது. விளைவாக, வாசனையும் சத்தமும் பதிந்துவிடுகின்றன. “இது அன்றைக்கு நடந்து முடிந்தது” என்ற முத்திரை விழுவதில்லை. நியூயார்க்கில் ரேச்சல் யெஹூடா செய்த ஆய்வுகளில் இன்னொரு வியப்பு கிடைத்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் கொண்ட பலருக்குக் கார்டிசால் கூடுதலாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் இயல்பைவிடக் குறைவாக இருந்தது. கார்டிசாலுக்கு எச்சரிக்கையை முடித்துவைக்கும் வேலையும் உண்டு. முடித்துவைப்பது குறைந்தால், எச்சரிக்கை நீண்டுகொண்டே போகும்.

இதயமேகூட வடிவம் மாறும். 1990-இல் ஜப்பானில் ஹிகாரு சாதோவும் அவருடன் இருந்த மருத்துவர்களும் ஒன்றை விவரித்தார்கள். மாரடைப்பு போலவே நெஞ்சுவலியோடு வருகிறவர்களில் சிலருக்கு ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை. இடது கீழறையின் நுனி மட்டும் பலூன்போல் உப்பி, அடிப்பதை நிறுத்தியிருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் இது அதிகம். நெருங்கியவரின் சாவு போன்ற செய்தியே இதைக் கொண்டுவரலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. “நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்கு” என்று ஒருத்தி கதறினால், அதை அலங்காரப் பேச்சு என்று எந்த டாக்டரும் ஒதுக்கக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் துக்கம் “நெஞ்ச அடைக்குது, கைகாலு மரத்துப்போவுது, தல பாரமா இருக்கு, ராத்திரி கண்ண மூட முடியல” என்றுதான் வந்து நிற்கும். ஈசிஜி எடுப்பார்கள், சரியாக இருக்கும், “ஒண்ணுமில்ல, போங்க” என்பார்கள். போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தன்னிடம் வந்த தமிழர்களிடமும் இதையே பார்த்தார். துக்கம் உடம்பு வலியாகவும் பெருமூச்சாகவும் வந்தது. அந்தப் பெருமூச்சையும் அவர் நோய்க்குறியாக எடுத்துக்கொண்டு எழுதினார்.

உடம்பின் இந்த எச்சரிக்கையை அடக்கக் கைக்குக் கிடைப்பது சாராயம். நாளெல்லாம் மூட்டை தூக்கியும் சுண்ணாம்பு அடித்தும் வருகிறவர்கள் “உடம்பு வலிக்கு” என்றுதான் குடிப்பார்கள். மதுவுக்கு மூளையின் பரபரப்பை அமர்த்தும் சக்தி உண்டு, சில மணி நேரத்துக்கு. போதை இறங்கும்போது பரபரப்பு முன்பைவிட மேலே ஏறும், தூக்கம் பாதியில் அறுபடும். மறுநாள் இன்னொரு பாக்கெட். முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. துக்கத்தை ஆற்றக் குடித்ததே சாவாக வந்தது என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

பழி வழக்கம்போல் கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலைமேலும் விழுந்தது; அங்கேயும் சாராய ரெய்டு நடந்தது. மெத்தனால் மலையில் காய்ச்சி எடுப்பதல்ல, அது தொழிற்சாலைக் கரைப்பான். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்து, அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த மலையாளிப் பழங்குடிகளின் மலை அது. காக்கிச் சட்டையைக் கண்டதும் தானாக இறுகும் உடம்பு அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது.

சரி, இறுகியது எப்படித் தளரும்? பாவ்லோவின் காலத்திலிருந்தே ஒன்று தெரியும்: கற்ற பயம் அழிவதில்லை. அதன்மேல் “இப்போது ஆபத்து இல்லை” என்ற புதிய பாடம் ஏறுகிறது. 2000-இல் கரீம் நாதெர், ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. ஒரு பய நினைவைத் திரும்பக் கிளறும்போது அது சற்று நேரம் இளகுகிறது, பிறகுதான் மறுபடி இறுகிப் படிகிறது. அந்த இளக்கத்தில் சுற்றிலும் என்ன இருக்கிறது என்பது முக்கியம்.

மூச்சும் முக்கியம். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, விடும்போது வேகஸ் நரம்பின் வழியாக நிதானமாகிறது. 2001-இல் லூசியானோ பெர்னார்டி குழு இத்தாலியில் அளந்தபோது, லத்தீன் ஜெபமாலையும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரமும் மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குக் கொண்டுவந்தன. மூச்சோடு சேர்ந்து இதயத்துடிப்பு ஏறி இறங்கும் தாளமும் வலுப்பட்டது. சோமசுந்தரம் இந்துக்களுக்கு ஓம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர் என்று அவரவர் நாவுக்குப் பழகியதையே பயிற்சியாகக் கொடுத்தார்.

இனி நம் இழவு வீட்டைப் பாருங்கள். வாசலில் பந்தல். வருகிற பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய், இருப்பவளைக் கட்டிக்கொள்கிறாள். தோளோடு தோள், கன்னத்தோடு கன்னம். வட்டமாக உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைகிறார்கள். ஒருத்தி இறந்தவனை விளித்து அவன் செய்ததையெல்லாம் சொல்லி இழுக்கிறாள். ஒரே மூச்சில் அடி முடிகிறது. அடுத்த மூச்சுக்கு மற்றவர்கள் சேர்கிறார்கள். நினைவு கிளறப்படுகிறது, கிளறும் நேரத்தில் சுற்றிலும் கைகள் இருக்கின்றன, மூச்சு நீண்டு வெளியேறுகிறது. காரியம் முடியும் வரை இது திரும்பத் திரும்ப நடக்கிறது. அழுவதால் துக்கம் கொட்டிப்போவதில்லை. கூட அழ ஆளிருக்கிறது என்பதை உடம்பு அறிகிறது.

கருணாபுரத்தில் அடிபட்டது அந்த ஏற்பாடுதான். வீட்டுக்கு வீடு பந்தல். கட்டிக்கொண்டு அழ வரவேண்டிய பக்கத்து வீட்டுக்காரியின் வீட்டிலும் பிணம். கோமுகி ஆற்றங்கரையில் பல சிதைகள் ஒன்றாக எரிந்தன, சுற்றிலும் கேமராக்கள். அதற்கு மேல், அரசு அறிவித்த நிவாரணத்தைப் பார்த்து “குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா” என்று ஊரெல்லாம் கேட்டது. அழுவதற்கான உரிமை மறுக்கப்பட்ட துக்கத்தை 1989-இல் கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் தனி வகையாகவே விவரித்திருக்கிறார். அப்படிப்பட்ட துக்கம் ஆற நாளாகும், அதைக் கேட்க யாரும் உட்காருவதில்லை என்பதால்.

பேரிடர் நடந்ததும் ஆளை உட்கார வைத்து “எல்லாவற்றையும் சொல்லுங்கள்” என்று ஒரே அமர்வில் கேட்டுவிட்டுப் போவது பயன்படாது. சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. உடனடித் தேவை தண்ணீர், தங்குமிடம், தெரிந்த முகம். மாதங்கள் கடந்தும் சைரனுக்கு உடம்பு துள்ளினால், அதிர்ச்சியை மையமாக வைத்த நடத்தைச் சிகிச்சையும் இஎம்டிஆர் என்ற கண்ணசைவுச் சிகிச்சையும் உண்டு. 2013-இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தவை. டெலி மானஸ் எண் 14416-இல் தமிழில் பேசலாம்.

பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்ததையும் நான் சிகிச்சையில்தான் சேர்ப்பேன். குழந்தைப் பருவத்தின் துயரங்கள் கூடக்கூட, வளர்ந்த பிறகு இதய நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்று 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு காட்டியது. அடுத்த மாதம் சோறு உண்டு என்று தெரியாத உடம்பிடம் ஆபத்து முடிந்துவிட்டது என்று எந்த மூச்சுப் பயிற்சியும் சொல்ல முடியாது.

ஆண்டு நினைவு நாள் நெருங்கும்போது தூக்கம் கெடுவதும் நெஞ்சு படபடப்பதும் எங்கும் நடப்பது. கருணாபுரத்துக்கு அது ஜூன் நடுவில் வரும், அந்தப் பிள்ளைகள் புதிய வகுப்பில் சேர்ந்த சில நாட்களிலேயே. மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆட்கள் ஜூன் முதல் வாரமே அந்தத் தெருவுக்கும் அந்தப் பள்ளிகளுக்கும் போய்விட வேண்டும், ஒவ்வோர் ஆண்டும்.