வீடியோவில் இல்லாத குற்றம்

2015 ஆகஸ்டில் டெல்லி மெட்ரோ ரயிலில் எடுக்கப்பட்ட ஒரு வீடியோ நாடு முழுக்கப் பரவியது. காவல் சீருடையில் இருக்கும் ஒருவர் நிற்க முடியாமல் தள்ளாடுகிறார், கீழே விழுகிறார். ‘போதையில் போலீஸ்காரர்’ என்ற தலைப்போடு வந்ததால், பார்த்தவர்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. சிரித்தார்கள், திட்டினார்கள், பகிர்ந்தார்கள். அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

அவர் குடித்திருக்கவில்லை. கேரளத்தைச் சேர்ந்த அந்தத் தலைமைக் காவலருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து, அதன் பாதிப்பு உடலில் மிச்சமிருந்தது. உண்மை தெரிந்ததும் வேலை திரும்பக் கிடைத்தது. போன மானத்துக்கு நியாயம் கேட்டு அவர் மனைவி உச்ச நீதிமன்றம் வரை போனார். வீடியோவில் இருந்தது தள்ளாட்டம் மட்டும்தான். குடியை அதில் சேர்த்தது தலைப்பு.

இதைவிடக் கொடுமை ஒன்று 2013 ஏப்ரலில் நடந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் சந்தேகிக்கப்பட்ட இருவரின் படங்களை எஃப்.பி.ஐ. வெளியிட்ட அன்று இரவே, இணையத்தில் துப்பறியக் கிளம்பியவர்கள் இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரைக் ‘கண்டுபிடித்தார்கள்’. அவர் ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்தவர். மகனைத் தேடுவதற்காகக் குடும்பம் தொடங்கிய ஃபேஸ்புக் பக்கத்தில் வசவுகள் குவிந்தன. அதை மூடும்படி ஆயிற்று. மறுநாளே உண்மைக் குற்றவாளிகள் யாரென்று தெரிந்துவிட்டது. சில நாட்களில் அந்த மாணவரின் உடல் ஓர் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கு முன்பே அவர் இறந்திருந்தார். இந்தத் துப்பறிதல் நடந்த ரெட்டிட் இணையதளம் மன்னிப்புக் கேட்டது.

ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும். அதற்கு ஏன் யாராலும் முடியவில்லை?

கோபத்துக்குக் கால்கள் அதிகம். அரசியல் சர்ச்சைகள் குறித்த ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடினாலே பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் கூடுவதாகக் கண்டது. நிதானமான பதிவை யாரும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘இது எங்கே, எப்போது எடுத்தது?’ என்று ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். ‘அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாயா?’ என்பதுதான் முதல் பதிலாக வரும். அந்தப் பழிக்கு அஞ்சாமல் இருக்கத்தான் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் அநியாயத்தைப் படம் பிடித்துப் போடவே கூடாதா? போட வேண்டும். 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவர் போலீஸ் பிடியில் இறந்தபோது, அவர் உடல்நலக் கோளாறால் இறந்ததுபோல மினியாபொலிஸ் காவல்துறை முதலில் அறிக்கை விட்டது. 17 வயதுப் பெண் ஒருவர் எடுத்த வீடியோதான் நடந்ததை வெளியே கொண்டுவந்தது. ஆனால் அதுவும் நீதிமன்றத்துக்குச் சாட்சியமாகப் போனது. மருத்துவர்கள் விசாரிக்கப்பட்டார்கள், எதிர்த்தரப்பு வாதாடியது, 2021 ஏப்ரலில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். படம் எடுத்தவர் சாட்சி, தீர்ப்புச் சொன்னவர்கள் வேறு. நம் கைப்பேசியில் இந்த இரண்டு வேலையும் ஒன்றாகிவிடுகின்றன.

அடுத்த முறை அப்படியொரு வீடியோ வந்தால், மறுநாள் வரை உங்களிடமே இருக்கட்டும். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள், பிறகு அது பொய் என்று தெரிகிறது என்றால், சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். அனுப்பிய அதே குழுவில், அதே ஆட்களிடம், தவறு என்று எழுதுங்கள்.