தகட்டுக்கு ஏன் ஆரஞ்சுத் தோல் வருது?

சாரல் சீசனுக்கு குற்றாலம் போனப்போ தென்காசியில் ஆச்சி வீட்டில் தங்கினேன். அங்கே ஒரு பழைய செம்புக் குடம் இருக்கு. உடம்பு முழுக்க சுத்தியல் தடம். "கையால அடிச்ச குடம்லா இது" என்றார் ஆச்சி. அந்தத் தடம் சுத்தியல் போட்டது, சரி. ஆனால் சுத்தியலே படாத இடத்திலும் தகடு சொரசொரப்பாகும். எங்க ப்ராஜெக்ட்டில் அதுதான் நடந்தது.

0.5 மி.மீ. செம்புத் தகட்டில் எரிக்சன் டெஸ்ட் செய்தோம். 20 மி.மீ. விட்டமுள்ள உருண்டை முனையால் தகட்டைத் தள்ளி, கிண்ணம் மாதிரி உப்ப வைக்கும் சோதனை இது. தகடு மெதுவாக இருந்தால் நன்றாக இழுபடும் என்று நினைத்து, ஒரு துண்டை மட்டும் ஃபர்னஸில் கூடுதல் நேரம் விட்டுவிட்டோம். அந்தக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி வந்தது. உருண்டை அழுத்திய உள்பக்கமோ வழவழப்பு!

காரணம் இதுதான். உலோகம் என்பது சின்னச் சின்ன கிரெய்ன்களின் கூட்டம். ஒவ்வொன்றின் படிக அடுக்கும் ஒவ்வொரு திசையில் இருக்கும். அதனால் இழுக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி நகராது. உள்ளே இருக்கும் கிரெய்னை சுற்றியுள்ளவை பிடித்துக்கொள்ளும். மேற்பரப்பில் இருப்பதற்கு ஒரு பக்கம் ஆளே இல்லை. எனவே ஒன்று மேலே எழும்பும், இன்னொன்று கீழே இறங்கும். கருவி அழுத்தும் பக்கத்தில் இந்த மேடு பள்ளம் நசுங்கிவிடும்.

எவ்வளவு இழுக்கிறோமோ, கிரெய்ன் எவ்வளவு பெரிசோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்கு சொரசொரப்பும் கூடும். கூடுதல் சூடு கிரெய்னை வளர்த்துவிடும்.

பாலிஷ் போட்டால் போயிடாதா? போகும், ஆனால் மேட்டை எல்லாம் பள்ளத்தின் மட்டத்துக்குத் தேய்க்கணும், தகடு மெலியும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கிரெய்ன் 100 மைக்ரான் என்றால், 0.5 மி.மீ. தடிமனில் ஐந்தே கிரெய்ன்தான். அங்கே ஒரு பள்ளம் விழுந்தால் அந்த இடம் மெலிந்து, இழுப்பு முழுக்க அங்கேயே குவிந்து, கிழிசல் ஆரம்பிக்கும்.

குடம் அடிப்பவரும் தகட்டை அடிக்கடி நெருப்பில் காட்டித்தான் இளக்குவார். ஆனால் அவர் சுத்தியல் மேற்பரப்பு முழுக்கப் பட்டு சமன் செய்துவிடும். நம்ம கிண்ணத்தின் வெளிப்பக்கத்துக்கு அந்த உதவி இல்லை.

ஜூனியர்ஸ், ஃபர்னஸில் வைத்த நேரத்தையும் வெப்பத்தையும் நோட்டில் எழுதி வையுங்க. தகட்டை ப்ரஸ்ஸுக்குக் கொண்டுபோகும் முன் மைக்ரோஸ்கோப்பில் கிரெய்னைப் பாருங்க. எங்களுக்கு ஒரு தகடு போச்சு, உங்களுக்குப் போக வேண்டாம்.