அட்டையில் இல்லாத பத்தாம் வசனம்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் பல சபைகளில் ஒரு வரிசை நிற்கும். தட்டில் கவிழ்த்து வைத்த வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்று. வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கைக்கு எரேமியா 29:11 வந்துவிட்டால் அம்மாவின் முகத்தில் அத்தனை நிம்மதி. வீட்டுக்கு வந்ததும் அட்டை பீரோ கண்ணாடியில் ஏறிவிடும்.

அந்த வசனத்துக்கு முந்திய வசனம் எந்த அட்டையிலும் இருப்பதில்லை.

கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி ஆலயத்தில் அறிவித்திருந்தான். எரேமியாவின் கடிதமோ, அந்தப் பத்தாம் வசனத்தில், எழுபது வருஷம் என்றது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த ஊரின் நலனுக்காக ஜெபியுங்கள் என்றது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. நல்ல எதிர்காலம் உண்டு என்ற வாக்கு அவர்களுக்குத்தான், அந்த நிலையில்தான் சொல்லப்பட்டது.

இப்படி வாசித்தால் வசனம் சிறுத்துப்போவதில்லை. மார்ச் மாதத்துக்குள் வேலை கிடைக்காத பிள்ளைக்கு அது அப்போதும் துணை நிற்கும். கூடவே, கைப்பேசியில் தேதி குறித்து ஆசீர்வாதம் அறிவிக்கிறவர் அனனியாவின் வழியில் வந்தவரா, எரேமியாவின் வழியில் வந்தவரா என்று கேட்கவும் கற்றுக்கொடுக்கும். இறையியல் கல்வி என்பது அடிப்படையில் இதுதான்: யார், யாருக்கு, எப்போது, ஏன் சொன்னார் என்று கேட்டு, பிறகு நமக்கு என்ன என்று கேட்பது.

'அதெல்லாம் ஐயர்மார் படிக்கவேண்டியது' என்பது நம் சபைகளில் பழகிப்போன பதில். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்தியக் கிறிஸ்தவ இறையியலின் முன்னோடிகளில் ஒருவரான வெங்கல் சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், 1941-இல் சென்னை மேயர். அவருடைய உறவினர் பி. செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதி. உலகத் திருச்சபை மன்றத்தின் மையக் குழுவுக்குத் தலைமை தாங்கிய எம்.எம். தாமஸ் பின்னாளில் நாகாலாந்து ஆளுநரானார். மூவருமே குருப்பட்டம் பெறாதவர்கள். நீதிமன்றத்திலும் தொழிற்சங்கத்திலும் எழுந்த கேள்விகளோடு வேதத்தைத் திறந்தவர்கள்.

நம் நிலை என்ன? பொறியியலுக்கு நான்கு வருஷம் செலவிடும் வாலிபருக்கு, விசுவாசத்தைப் பற்றிய முறையான படிப்பு திடப்படுத்தல் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஆதியாகமத்தில் படைப்பு ஏன் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது, சாதி பார்க்கும் சபை எப்படிக் கிறிஸ்துவின் சபையாகும், நல்லவர்களுக்கு ஏன் புற்றுநோய் என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு பிள்ளை கேட்டால், 'விசுவாசி, ஆராயாதே' என்று உட்காரவைக்கிறோம். கேள்வி உட்காருவதில்லை. பிள்ளையோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறது.

படித்தால் விசுவாசம் குறையும் என்ற பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. நான்கு கிரேக்கச் சொற்களைத் தெரிந்துகொண்டு ஆயரை மடக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது அரைகுறைப் படிப்பின் கோளாறு. மருந்து இன்னும் படிப்பதுதான்.

வழியும் தூரத்தில் இல்லை. 1969-இல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே இறையியல் கற்பிக்கிறது. 1818-இல் நிறுவப்பட்ட செராம்பூர் கல்லூரியின் செனட், வேலையில் இருப்போரும் வீட்டிலிருந்தே படிக்கக் கிறிஸ்தவ இயல் படிப்புகளை வைத்திருக்கிறது. அந்த அளவுக்குப் போகமுடியாத சபை, மாதம் ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கலாம். ஒரு புத்தகம், ஒரு கரும்பலகை, கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத ஓர் ஆயர் போதும்.

தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறி முடிந்தது. சாதாரண ஜனங்கள் தாங்களே வாசிக்கவேண்டும் என்றுதான் அதை மொழிபெயர்த்த சீகன்பால்கு அத்தனை பாடுபட்டார். வரும் டிசம்பர் 31 இரவு உங்கள் கைக்கும் ஓர் அட்டை வரும். கண்ணாடியில் ஒட்டுவதற்கு முன்னால் அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.