பந்தில் காற்று குறைந்தால் ஏமாற்றா?

மாணவர்களே, உலு திராம் திடலில் இரு அணிக்கும் ஒரே பந்துதான். காற்று குறைந்தாலும் பாதிப்பு இருவருக்கும் சமம். கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் காற்பந்தில் ஒவ்வோர் அணியும் தன் பந்தையே எடுத்து வரும். சிக்கல் அங்கேதான்.

2015 ஜனவரி 18 அன்று பேட்ரியட்ஸ், கோல்ட்ஸ் அணிகள் மோதின. இடைவேளையில் பேட்ரியட்ஸ் பந்துகள் குறைந்தபட்ச அளவான 12.5 பிஎஸ்ஐக்குக் கீழே இருந்தன. மென்மையான பந்து பிடிக்கச் சுலபமாச்சே! வேண்டுமென்றே காற்றை இறக்கினார்களா?

கணக்குப் போட்டுப் பாருங்க. அறை 24°C, திடல் 9°C, பந்தின் கொள்ளளவு மாறவில்லை எனக் கொள்வோம். மானி அளவோடு வளிமண்டல அழுத்தம் 14.7ஐக் கூட்டினால் 27.2. வெப்பநிலை கெல்வினில் 297, 282.

27.2 × 282 ÷ 297 = 25.8
25.8 − 14.7 = 11.1

யாரும் தொடாமலே 1.4 குறைகிறது! 14.7ஐக் கூட்ட மறந்தால் விடை 11.9 என வரும். குளிர் செய்த வேலைக்கு மனிதர்மேல் பழி விழும்.

பலன் கிடைத்ததா? முற்பாதியில் பேட்ரியட்ஸ் 17–7 என முன்னிலை. சரியாகக் காற்றடித்த பிறகு, பிற்பாதியில் 28–0! ஆனாலும் ஆட்டக்காரர் டாம் பிரேடிக்கு 4 ஆட்டத் தடை.

விவாதக் கட்டுரை எழுதும்போது 'விதியை மீறினார்களா?', 'பலன் பெற்றார்களா?' என்ற இரண்டையும் தனித்தனியே வாதிடுங்கள்.