சித்திரையில் பச்சையாக இருப்பது எது?

மாணவ நண்பர்களே, சித்திரை மாதத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? சோளமும் உளுந்தும் பருத்தியும் விளைந்த கரிசல் நிலம் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும். மேய்ச்சல் புல் காய்ந்திருக்கும். ஆனால் கண்மாய்களிலும் தரிசுகளிலும் திட்டுத்திட்டாகப் பச்சை தெரியும். அது பெரும்பாலும் சீமைக் கருவேல மரமே. வேலிக்கருவை என்றும் இதைச் சொல்வார்கள்.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரம் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வேர் ஆழமாக இறங்குவதால் கோடையையும் தாங்குகிறது. இதன் இனிப்பான நெற்றை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். கடினமான விதைகளில் பல செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வெளிவந்து முளைக்கும். ஆகவே, எருவுக்காகக் கிடை போட்ட நிலத்திலும் புதிய கன்று தோன்றலாம். அடர்ந்து வளர்ந்த புதருக்குள் புல் குறைந்துபோகும், மேய்ச்சலும் சுருங்கும்.

வெட்டினால் போதாதா? போதாது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைத்துவிடும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். அதற்கு இயந்திர வாடகையும் கூலியும் தேவை. மழையை நம்பிப் பயிரிடும் உழவருக்கு இது பெருஞ்செலவு. எங்கே, எவ்வளவு பரவியிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் செலவை அளந்து செய்யலாம். தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் செய்வதே 'துல்லியப் பண்ணையம்'.

இதற்குச் செயற்கைக்கோள் உதவுகிறது. எப்படி? இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிரையோ இலை பெருமளவு திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது 'தாவரக் குறியீட்டெண்'.

ஓர் எடுத்துக்காட்டு: பசுமையான புதர் 100 பங்கில் சிவப்பு 8, அகச்சிவப்பு 48 பங்கு திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். வேறுபாடு 40, கூட்டுத்தொகை 56, விடை ஏறக்குறைய 0.7. வெறும் மண்ணுக்குச் சிவப்பு 20, அகச்சிவப்பு 25 என்றால் விடை 0.1 மட்டுமே.

ஆனால் பயிரும் பச்சைதானே? இங்கேதான் காலம் கைகொடுக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வளரும் பயிர் மார்கழியில் பச்சை, சித்திரையில் இல்லை. சீமைக் கருவேலமோ இரண்டிலும் பச்சை. இரு மாதப் படங்களையும் ஒப்பிட்டால் பயிர் விலகிவிடும், மரம் மிஞ்சும்!

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களில் முதலாவது 2015இல் ஏவப்பட்டது. இவற்றின் படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். படத்தின் ஒரு சிறு கட்டம், தரையில் 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள இடம். அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். தனித்து நிற்கும் சிறு கன்று இதில் தெரியாது. அதைக் காண, தாழப் பறக்கும் டிரோன் வேண்டும்.

வேம்பும் பனையும் கிணற்றுப் பாசனத் தோட்டமும் கூடச் சித்திரையில் பச்சையாகவே இருக்கும். ஆகையால் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் நடந்து சரிபார்ப்பது இன்றியமையாதது.

இன்னொன்றும் உண்டு. இம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இப்பகுதியில் பல. மரம் எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லும். எதை முதலில் அகற்றுவது, எதை விறகுக்கு விடுவது என்று சொல்லாது. நீர் வரும் கால்வாயா, உழக்கூடிய புஞ்சையா, மேய்ச்சல் தரையா என்று ஊரார் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோடை விடுமுறையில் உங்கள் ஊர்க் கண்மாயின் படம் ஒன்றை வரைந்து, பச்சைத் திட்டுகளைக் குறியுங்கள். ஒவ்வொன்றும் எந்த மரம் என்று பக்கத்தில் எழுதுங்கள். செயற்கைக்கோள் படத்தைச் சரிபார்க்க அத்தகைய குறிப்புகளே தேவைப்படுகின்றன.